நுரைக்கு எந்தத் தண்ணீர்

வாயில் புண் வந்து ஒரு மாதமாகிறது. ஒன்று ஆறினால் பக்கத்தில் இன்னொன்று கிளம்புகிறது. புளி, உறைப்பு எல்லாவற்றையும் விட்டுப் பார்த்தேன். கடைசியில் நல்லூருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு பல் வைத்தியரிடம் போனேன். என்னைவிட வயது குறைந்த பெண். வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன பேஸ்ற் பாவிக்கிறனீங்கள்? நல்லா நுரைக்குமோ?" என்று கேட்டார்.

"ஓம், வாய் முழுக்க நுரைக்கும்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அப்ப அதை விடுங்கோ. நுரைக்காததாப் பாத்து வாங்குங்கோ. சோடியம் லோரில் சல்பேற்று எண்டு ஒரு சாமான் அதுக்கை இருக்கு. சில பேற்றை வாய்க்கு ஒத்துவராது."

பெயரை மறந்துவிடுவேன் என்று ஒரு துண்டிலும் எழுதித் தந்தார். நான் இரசாயனவியலில் பட்டம் பெற்றவள். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வெளியே வந்தேன். அந்தப் பெயரை எனக்கு யாரும் எழுதித் தரத் தேவையில்லை என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

நுரைக்காத பற்பசை தேடி அலைந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். நல்லூரில் ஒரு கடைக்காரர், "நுரைக்காத பேஸ்ற்றோ? பழுதாப்போன பேஸ்ற்றே கேக்கிறியள்?" என்றார். நான் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பெட்டிகளின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாவற்றிலும் அது இருந்தது. வீட்டுக்கு வந்து குளியலறைத் தட்டைப் பார்த்தேன். ஷாம்பூவிலும் அதன் ஒன்றுவிட்ட சகோதரம் இருந்தது, லோரெத் சல்பேற்று. கை கழுவுகிற திரவத்திலும், மகளின் உடம்புக்குப் பூசிக் குளிக்கிற சாமானிலும் அதுதான். நாங்கள் குடும்பமாகக் காலையிலிருந்து இரவுவரை ஒரே பொருளைத்தான் வேறுவேறு நிறத்தில் உடம்பில் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

போத்தலுக்குள் போன பிறகு அதற்கு மணமில்லை. எலுமிச்சையோ மல்லிகையோ, யாரோ கலந்த வாசனைதான் வரும். ஆனால் பரலில், அந்தப் பெரிய பீப்பாயில், இருக்கும்போது அதற்கென்று ஒரு மணம் உண்டு. ஈர மெழுகுதிரியை மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் வருகிற மாதிரி, மெல்லியதாக இருக்கும். கொழும்பிலிருந்து லொறியில் நீலப் பரலில் வரும். மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளையுமில்லாமல் கண்ணாடியுமில்லாமல் ஒரு பசை. கையில் எடுத்தால் வழுக்கும், உதறினால் விழாது. இதை எனக்கு எப்படித் தெரியும் என்றால், பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன் ஆறு மாதம் நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் "தொழில்நுட்ப ஆலோசக"ராக இருந்தேன். பட்டம் எடுத்து இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தவளுக்கு அந்தப் பதவியின் பெயரே பாதிச் சாப்பாடு. கழுத்தில் ஒரு அட்டை தொங்கும். அதைக் குளிக்கும்போது மட்டும் கழற்றினேன் என்று என் தங்கை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

வேலை இதுதான்: ஊர் ஊராகப் பெண்களைக் கூட்டி, ஷாம்பூவும் கை கழுவுகிற திரவமும் வீட்டிலேயே செய்யப் பழக்குவது. திருநெல்வேலியில் ஒரு வாடகை வீட்டின் பின்விறாந்தையில் வகுப்பு நடக்கும். பெரிய வித்தையொன்றுமில்லை. பசையைத் தண்ணீரில் மெதுவாகக் கரைக்க வேண்டும். அவசரப்பட்டு அடித்தால் எல்லாம் நுரையாகிவிடும். பிறகு நிறம், வாசனை, பழுதாகாமல் இருக்க ஒரு மருந்து. கடைசியில் உப்பு. ஓம், நாங்கள் கறிக்குப் போடுகிற அதே உப்புத்தான். தண்ணீர்போல ஓடுகிற கலவைக்குள் உப்பைக் கரைத்து விட்டுக் கிண்டினால், கண்ணுக்கு முன்னாலேயே தேன்மாதிரித் தடிக்கும். அந்த இடம் வந்ததும் பெண்கள் எல்லோரும் ஒரு சத்தம் போடுவார்கள். நானும் ஏதோ என் கையால்தான் தடித்ததுபோல நிற்பேன்.

தடிப்பும் நுரையும் எங்கள் ஆட்களுக்கு மிகவும் முக்கியம். கடையில் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். உள்ளே இருக்கிற காற்றுக்குமிழி ஆறுதலாக ஏறினால் நல்ல சாமான், ஓடி ஏறினால் தண்ணீர் கலந்தது. என் அம்மா இன்றைக்கும் கரைந்துபோன சோப்புத் துண்டைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டி வைப்பார். யுத்தத்தில் சோப்பே வராத காலத்தில் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தவர் அவர். காயப் போட்ட சட்டையின் கழுத்தை மாடு வந்து சப்பிவிட்டுப் போகுமாம். அப்படி இருந்தவர்களுக்கு நுரை என்றால் சும்மாவா? அழுக்கைப் போக்குவது நுரை இல்லை என்று நான் வகுப்பில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

அந்த வகுப்புக்குக் கடலோரத் தொண்டைமானாற்றிலிருந்து புவனா அக்கா வந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, அது நடந்து மூன்று வருடம். பத்து வயதில் ஒரே மகள், அபி. இரண்டு பஸ் மாறி வருவார். பின்நேரம் பள்ளிக்கூடம் விடுவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டுமென்று மதியம் தாண்டியதும் மணிக்கூட்டையே பார்ப்பார். மகள் வேறு யார் கையாலும் சாப்பிடமாட்டாளாம். தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொள்வாளாம். முதல் நாளே என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மிஸ், குவைத்துக்குப் போறதுக்குப் பாஸ்போட் எடுத்து வைச்சிருக்கிறன். ஏஜென்சிக்காரன் ஒவ்வொரு கிழமையும் வாறான். உது சரிவந்துதெண்டா நான் போகமாட்டன். பிள்ளையை விட்டிட்டு என்னாலை போகேலாது."

"கட்டாயம் சரிவரும் அக்கா" என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல் அப்படிச் சொல்ல அந்தக் கழுத்து அட்டை ஒன்றே போதுமாக இருந்தது.

கெட்டிக்காரி. மற்றவர்கள் தாளில் எழுதியதைப் பார்த்துப் பார்த்துச் செய்ய, அவர் ஒருமுறை பார்த்ததைக் கையில் வைத்துக்கொள்வார். மாசியில் வீட்டில் ஒரு வாளி செய்து, போத்தலில் அடைத்துக் கொண்டுவந்து காட்டினார். கவிழ்த்துப் பார்த்தேன். குமிழி ஆறுதலாக ஏறியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, வீட்டுப் பின்பக்கத்துக் கொட்டிலைத் துப்புரவாக்கி, இரண்டு பரல் பசையும் இறக்கியாயிற்று. பங்குனியில் கொரோனா வந்து ஊரடங்கும் போட்டார்கள்.

எங்களுக்கென்றே அந்த நோய் வந்ததோ என்று நான் அப்போது நினைத்தது உண்மை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். உலகமெல்லாம் கை கழுவு கை கழுவு என்று கத்த, எங்களிடம் கை கழுவுகிற திரவம் இருந்தது. பள்ளிக்கூடங்களைத் திரும்பத் திறக்கப்போகிறார்கள், வாசலுக்கு வாசல் திரவம் வேண்டும் என்று எங்கள் நிறுவனத்திடம் கேட்டார்கள். நிறுவனம் தொண்டைமானாற்றுக் குழுவைக் காட்டியது. இது சரியாகப் போனால் அடுத்த தவணைக்கும் அவர்களிடமேதான் எடுப்பார்கள் என்ற பேச்சு. புவனா அக்கா தொலைபேசியில் அழுதார். ஏஜென்சிக்காரனின் இலக்கத்திலிருந்து அழைப்பு வராதபடி தடை செய்துவிட்டதாகச் சொன்னார். அதை எப்படிச் செய்வதென்று அபிதான் காட்டிக் கொடுத்தாளாம்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலோரத்து வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. முற்றத்துக் கிணற்றுத் தண்ணீர் குளிக்க, கழுவ. குடிக்கிற தண்ணீர் பவுசர் என்கிற தாங்கி லொறியில் வரும், அல்லது தூரத்து நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து கானில் கட்டிக்கொண்டு வருவார்கள். இரண்டையும் ஒருவரும் மாற்றிப் பாவிக்கமாட்டார்கள். குடிக்கிற தண்ணீரில் கால் கழுவினால் அந்த வீட்டில் பேச்சு விழும். மழை முடிந்த கையோடு கிணற்றுத் தண்ணீரிலும் உப்புக் குறைவாக இருக்கும். வெயில் ஏற ஏற, கிணறு இறங்க இறங்க, அது வாயில் வைக்க முடியாமல் போய்விடும். இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் திருநெல்வேலியில் நல்ல கிணற்றோடு வளர்ந்தவள்.

வேலை தொடங்குகிற அன்று காலை புவனா அக்கா எடுத்தார்.

"மிஸ், கிணறு இப்ப வத்திக் கிடக்கு. தண்ணி சரியாக் கரிக்குது. குடிக்கிற தண்ணியிலை செய்யட்டோ, கழுவிற தண்ணியிலை செய்யட்டோ?"

ஊரடங்கில் பவுசர் எப்போதாவதுதான் வருகிறது என்பது எனக்குத் தெரியும். அவர்களுடைய குடிதண்ணீரைப் பரல் பரலாக இதற்குள் ஊற்ற வைக்க மனம் வரவில்லை. அது ஒரு காரணம். மற்றக் காரணம் என் படிப்பு. சாதாரண சோப்புக் கடின நீரில் நுரைக்காது, ஆனால் இந்தச் சல்பேற்றுச் சாமான் எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் முழுப் புள்ளி எடுத்தவள். அந்த முழுப் புள்ளியோடு சிரித்துக்கொண்டு சொன்னேன்.

"கை கழுவத்தானே அக்கா? கழுவிற தண்ணி காணும்."

அவர் இன்னொரு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். "ஓம் மிஸ். நீங்கள் சொன்னாச் சரி" என்றார்.

மத்தியானம் திரும்ப எடுத்தார். பசை கரைந்ததுமே ஓரளவு தடித்துவிட்டதாம், தாளில் எழுதியபடி உப்பைப் போட்டதும் இளகுகிறதாம். இளகுகிறது என்ற சொல் காதில் விழுந்தும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உப்புப் போட்டால் தடிக்கும், அதுதானே பாடம்? "உப்புக் காணாது போல. இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்றேன். அரை மணித்தியாலத்தில் மறுபடியும் எடுத்தார். இன்னும் கொஞ்சம் போடுங்கோ என்றேன். மூன்றாவது முறை அவர் எடுக்கவில்லை, நானே எடுத்துக் கேட்டேன். எடுத்த எடுப்பில் சொன்னார்: "தண்ணியாப் போச்சு மிஸ். எல்லாப் பரலும்."

விசயம் மிகச் சின்னது. உப்பு ஒரு அளவுவரைக்கும்தான் அதைத் தடிக்க வைக்கும். அந்த அளவைத் தாண்டினால் திரும்ப இளக்கிவிடும். தண்ணீரே பாதி உப்போடு வந்தால், மேலே போடுகிற ஒவ்வொரு கரண்டியும் கெடுதல். நல்ல தண்ணீரும் இன்னும் பசையும் சேர்த்துக் கலந்தால் காப்பாற்றலாம். ஆனால் நாள் நெருங்குகிறது என்று நான்தான் இருந்த பசை முழுவதையும் ஒரே தடவையில் கரைக்கச் சொல்லியிருந்தேன். லொறி ஓடாத காலம், கொழும்பிலிருந்து ஒன்றும் வராது.

ஊரடங்குப் பாஸ் எடுத்துக்கொண்டு மூன்றாம் நாள் ஸ்கூட்டியில் போனேன். அச்சுவேலிக்கு அப்பால் தெருவில் ஒரு நாயும் இல்லை. கொட்டிலில் பரல்கள் வரிசையாக நின்றன. உள்ளே பழங்கஞ்சி மாதிரிக் கலங்கி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பிரிந்து கிடந்தது. ஐந்து பெண்களும் முகக்கவசத்தோடு சுவரோரம் நின்றார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. நான் கிணற்றடிக்குப் போய் வாளியில் ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. துப்பிவிட்டுத் திரும்பினால் பின்னால் புவனா அக்கா நிற்கிறார்.

"என்ரை கைதான் சரியில்லை மிஸ்" என்றார்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கையில் ஒரு பிழையும் இல்லை, பிழை என்னுடையது என்று ஒரு வசனம். எனக்கு நிரந்தர வேலைக்கு நேர்முகப் பரீட்சை வரவிருந்தது. நிறுவனத்திலிருந்து நற்சான்றிதழ் வேண்டும். நான் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு ஸ்கூட்டியடிக்கு நடந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதினேன். "பயனாளிகள் அளவீட்டில் விட்ட தவறு" என்று எழுதினேன். நல்ல தமிழ். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

லொறி திரும்ப ஓடத் தொடங்கியதும் பள்ளிக்கூடங்களுக்குக் கொழும்புத் திரவம் வந்தது. தொண்டைமானாற்றுக்கு மறுபடி பசை கொடுப்பதில்லை என்று நிறுவனம் முடிவெடுத்தது, அந்த அறிக்கையை வைத்துத்தான். அடுத்த வருடம் விமானம் ஓடத் தொடங்கியதும் புவனா அக்கா குவைத்துக்குப் போனார். போகிற அன்று மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்கினாராம். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அதன் பிறகு சாமான் தட்டுப்பாடு வந்தபோது பசைப் பரல் வருவதே நின்று, மற்ற ஊர்க் குழுக்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. நிறுவனமும் போய்விட்டது. நான் வருடா வருடம் கடின நீர் பாடம் படிப்பிக்கிறேன். அந்தப் பாடம் வருகிற கிழமையில் எனக்குக் கோபம் கூட என்று பிள்ளைகள் சொல்வார்களாம்.

நுரைக்காத பற்பசை கடைசியில் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்து மருந்துக்கடை ஒன்றில் கிடைத்தது. வாங்கிக்கொண்டு வெளியே வர, சைக்கிளைப் பிடித்தபடி ஒரு பெண்பிள்ளை நின்றாள். ரியூசன் முடிந்து வருகிறவள் போலிருந்தது.

"மிஸ், நீங்கள் ஷாம்பூ மிஸ் எல்லோ? நான் அபி. தொண்டைமானாறு. புவனாவின்ரை மகள்."

நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். இப்போது இங்கே தகப்பனின் சகோதரியோடு இருக்கிறாளாம். கேட்க வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு, ஆறு வருடமாக நெஞ்சில் கிடந்ததை மருந்துக்கடை வாசலில் வைத்து அந்தப் பிள்ளையிடம் கொட்டினேன். "பிள்ளை, அண்டைக்குப் பிழைவிட்டது அம்மா இல்லை. நான்தான். நான்தான் பிழையான தண்ணியைச் சொன்னது."

அவள் ஆச்சரியப்படவில்லை. "அது தெரியும் மிஸ். அம்மா அண்டைக்கே சொன்னவ. உப்புத் தண்ணிக்கை உப்புப் போட்டா என்னாகும் எண்டு தனக்கு அப்பவே மனசிலை பட்டதாம். படிச்ச பிள்ளை சொல்லுது, நாங்கள் என்ன கதைக்கிறது எண்டு பேசாமல் விட்டவவாம். பிறகு, பாவம், அந்தப் பிள்ளைக்கு வேலை போயிடும், ஒருதருக்கும் சொல்லாதை எண்டவ."

நான் பற்பசைப் பெட்டியைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டு நின்றேன். கிணற்றடியில் அவர் எனக்குப் பின்னால் நின்றபோதே எல்லாம் தெரிந்துதான் அந்த வசனத்தைச் சொல்லியிருக்கிறார். நான் எழுதிய அறிக்கையைப் பற்றி மட்டும் அவருக்குத் தெரிந்திருக்காது. அதை அப்போதும் நான் சொல்லவில்லை.

"அம்மா எப்ப வாறா?" என்று கேட்டேன்.

"இந்த மாசத்தோடை ஒப்பந்தம் முடியுது. வரட்டோ எண்டு கேட்டவ. இன்னும் ரெண்டு வருசத்துக்குப் போட்டுக்கொண்டு நில்லுங்கோ எண்டு நான்தான் சொன்னனான்."

"ஏன் பிள்ளை?"

அவள் சைக்கிளின் மணியை விரலால் துடைத்தாள். முகத்தில் கோபமோ கவலையோ இருக்கவில்லை. எந்த வகுப்பிலும் கணக்கு விடையைச் சொல்கிற பிள்ளையின் முகம்தான்.

"வந்தா ரெண்டு பேரும் என்ன மிஸ் கதைக்கிறது? ஃபோனிலை எண்டா, சாப்பிட்டியோ, படிச்சியோ எண்டு கேட்டு வைச்சிடலாம். வீட்டிலை வந்து முழுநாளும் இருந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கும். எனக்கு இப்ப ஆரும் தேவையில்லை. பழகிட்டுது."

வாறன் மிஸ் என்று சொல்லிவிட்டு, பலாலி வீதியில் பஸ் ஒன்று போகும்வரை நின்று, ஏறி மிதித்துப் போனாள். பிள்ளை தனித்துப் போய்விடுவாள் என்று பயந்துதான் புவனா அக்கா குவைத்துக்குப் போகமாட்டேன் என்றவர். பிள்ளை பழகிவிட்டாள்.